கம்பியக்காவின் மூன்று குத்து

கம்பியக்காவுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளப் பட்டியலில் அது பத்திரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. கையில் எந்நேரமும் ஒரு வளையக் கம்பி இருப்பதால் வந்த பெயர் என்பார்கள் அவரைப் பிடித்தவர்கள். வளைந்துகொடுக்காத சுபாவத்தால் வந்தது என்பார்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டாவது கட்சியில்தான் ஆள் அதிகம்.

பத்தொன்பது வயதில் பாட்டில் கழுவ வந்தவர். ஆறு மாதப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்து கிருமி பார்க்கும் லேபில் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. பட்டம் கிடையாது, கண்ணாடி உண்டு. முதல் மாடியில் மூன்று அறை கொண்ட லேப் அது. நடு அறையில், துணி வெளுக்கும் கூடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னல் ஓரமாக அவருடைய மேசை.

அந்த மேசையின் முக்கியச் சரக்கு ரத்தத் தட்டு. கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த கூழ் ஆறும்போது, கம்பியக்கா பாட்டிலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சுவரில் வெப்பமானி தொங்குகிறது, அதை அவர் நம்புவதில்லை. கன்னம் பொறுக்கிற சூடு வந்ததும் ஆட்டு ரத்தத்தைக் கலந்து, உள்ளங்கை அகலத் தட்டுகளில் ஊற்றுவார். சூடு கூடினால் ரத்தம் மண்ணிறமாகிவிடும். குறைந்தால் கூழ் கட்டிதட்டிவிடும். அவர் ஊற்றினால் இரண்டும் நடக்காது. நோயாளியின் தொண்டையைத் துடைத்த பஞ்சுக் குச்சியை அதன்மேல் தேய்த்து, கம்பியால் இழுத்துப் பரப்பி, வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு நாள் வைத்தால், கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். பொல்லாத ஜாதிக் கிருமி இருந்தால், அதைச் சுற்றிச் சிவப்பு போய்த் தட்டு கண்ணாடியாகத் தெளிந்திருக்கும்.

"சிவப்பு எங்க போகுது? கிருமி குடிச்சிருதா?" என்று கல்யாணமான புதிதில் அவர் கணவர் கேட்டார். அவர் தையல்காரர்.

"குடிக்கல. ஓட்டை போடுது" என்றார் கம்பியக்கா. "கிருமி ஒரு நச்சைத் துப்பும். அது துணுக்குத் துணுக்காப் போய் ரத்த அணு மேல ஒட்டும். அணுவோட தோல்ல ஒரு கொழுப்பு இருக்கு பாருங்க, அதைப் பிடிச்சுக்கும். ஒத்தையா இருக்கிற வரைக்கும் அதால ஒண்ணும் ஆகாது. நாப்பது அம்பது சேர்ந்து கைகோத்து வட்டமா நிக்கும். நின்னு, எல்லாம் ஒண்ணா காலைக் கீழ இறக்கும். அவ்வளவுதான், தோல்ல ஒரு ஓட்டை. தண்ணி உள்ள பூந்து அணு உப்பி வெடிச்சிரும்."

"நானும் நாள் பூரா ஊசியால ஓட்டை போட்டுட்டுத்தான் இருக்கேன். இதுவரைக்கும் யாரும் வெடிக்கல."

"நீங்க ஓட்டை போட்ட கையோட நூலையும் விடறீங்க. அதுக்கு அந்த மரியாதை தெரியாது."

அந்தக் கிருமியிடம் இரண்டு நச்சு உண்டு. ஒன்று காற்றுப் பட்டாலும் கெடாது. மற்றது, காலை இறக்கி ஓட்டை போடுகிற இந்தக் கெட்டிக்கார நச்சு, காற்றுப் பட்டால் மழுங்கிவிடும். பெரும்பாலான கிருமிகள் இரண்டையும் துப்பும், அதனால் தட்டின் மேல்பரப்பிலேயே தெளிவு தெரிந்துவிடும். ஆனால் எப்போதாவது முதல் நச்சு இல்லாத ஒன்று வரும். அது மேலே முளைத்து, சாதுவாக உட்கார்ந்திருக்கும். தொண்டையில் எல்லோருக்கும் இருக்கிற அப்பாவிக் கிருமிகளோடு கலந்து நிற்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, தேய்த்து முடித்ததும் கம்பியைச் சாய்த்துக் கூழுக்குள் மூன்று இடத்தில் குத்துவது. குத்திய இடத்தில் கிருமி காற்றுப் படாத ஆழத்துக்குப் போய்விடும். அங்கே நச்சு மழுங்காது, ஓட்டை போடும், சிவப்பு தெளியும்.

இருபத்தாறு வருஷம் கம்பியக்கா ஒவ்வொரு தட்டிலும் மூன்று குத்து குத்தினார். ஒருவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, அவரும்தான்.

பிறகு புது லேப் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், படித்தவர், சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அவரோடு ஒரு பெரிய பெட்டியும் வந்தது. உள்ளே கரியமில வாயுவை அளவாக விட்டு, கிருமிகளைச் செழிப்பாக வளர்க்கிற பெட்டி. வந்த வாரமே டாக்டர் இரண்டு உத்தரவு போட்டார். இனித் தட்டுகளை மெல்லிசாக ஊற்றினால் போதும், ரத்தம் வீணாகிறது. இனிக் குத்த வேண்டாம். பெட்டி வந்த பிறகு அது தேவையில்லை, குத்தினால் மெல்லிய கூழ் கிழிந்து பார்க்கவும் முடியாமல் போகிறது.

கம்பியக்கா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், 'டாக்டருக்குத் தெரியாததா' என்று விட்டுவிட்டார். தினமும் அறுபது தட்டு, தட்டுக்கு மூன்று குத்து மிச்சம். கைக்கும் சுகமாகத்தான் இருந்தது. வளையாத கம்பி வளைந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் பெண் பிள்ளைகள் விடுதி ஒன்று இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள், அறுபத்து நான்கு பேர். கம்பியக்காவின் நாத்தனார் மகளும் அதில் ஒருத்தி, பத்து வயது. மாமா வைத்த பெயர் வாலு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து மாமாவின் துணி வெட்டும் மேசையில் ஏறி உட்கார்ந்து, அத்தையின் சமையலுக்கு மதிப்பெண் போடுவாள். பாஸ் மார்க்கைத் தாண்டி அத்தை வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அந்த வருஷம் விடுதியில் தொண்டை வலி வந்தது. பத்துப் பிள்ளைகளின் பஞ்சுக் குச்சிகளை வார்டன் அனுப்பிவைத்தார். லேபிலிருந்து பதில் போனது: தீங்கு செய்யும் கிருமி எதுவும் இல்லை. சாதாரண ஜலதோஷம்தான் என்று வெந்நீர் கொடுத்து வைத்தார்கள், வலியும் போனது. மூன்று வாரம் கழித்து, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பதினோரு வயதுப் பெண்ணுக்கு முட்டி வீங்கியது. பிறகு கணுக்கால். பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு வந்த வார்டன், இரண்டு காகிதங்களோடு லேபுக்கு வந்தார். கம்பியக்கா அப்போது பக்கத்து மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், அந்தப் பிள்ளைக்கு இதய வால்வு கசியுதாம்" என்றார் வார்டன். "முன்னாடி வந்த தொண்டை வலியாலதான்னு சொல்றாங்க. தொண்டையில கிருமி வந்தா, அதை எதிர்க்கக் கிளம்புற உடம்பு தவறிப்போய் இதயத்தையே தாக்கிருமாம். கிருமியோட நச்சுக்கு எதிர்ப்பு ரத்தத்துல ஏகப்பட்டது இருக்காம், அதனால கிருமி வந்தது நிச்சயமாம். தொண்டை வலி வந்த ஒம்பது நாளுக்குள்ள பென்சிலின் போட்டிருந்தா இது வந்திருக்காதுன்னாங்க. நீங்க கிருமியே இல்லன்னு எழுதியிருக்கீங்களே."

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லீவுல ஊருக்குப் போனப்ப வேற எங்கயாவது தொத்தியிருக்கலாம் மேடம். எங்க தட்டுல இல்லாததை நாங்க எப்படி எழுத முடியும்?"

கம்பியக்கா பதிவேட்டை எடுத்து அந்தத் தேதியைப் புரட்டினார். நெட்டையின் பெயர், தட்டு எண், தேய்த்தவர் கையெழுத்து. அவருடைய கையெழுத்துதான், வழக்கம்போல அழகாக இருந்தது. குத்தாத தட்டு. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார், அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளையின் வால்வு கசிவதற்குத் தன் கையும் காரணம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது; தோன்றிய பிறகு அது போகவில்லை.

அடுத்த புதன்கிழமை விடுதியிலிருந்து ஏழு பஞ்சுக் குச்சிகள் வந்தன. மறுபடியும் தொண்டை வலி. ஏழில் ஒன்று வாலுவுடையது. சனிக்கிழமையே வலி தொடங்கியிருக்கிறது. மாமா வீட்டுக்குப் போக முடியாதே என்று திங்கட்கிழமை வரை சொல்லாமல் மறைத்திருக்கிறாள் கழுதை. இன்றோடு ஐந்து நாள். ஒன்பதில் இன்னும் நான்குதான் மிச்சம்.

கம்பியக்கா நேராக டாக்டர் அறைக்குப் போனார்.

"சார், இந்த ஏழு தட்டையும் நான் குத்தப்போறேன். தடிமனா ஊத்தின தட்டுல."

"அதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சேம்மா. பெட்டி இருக்கே."

"பெட்டிக்குள்ள கரியமில வாயு எவ்வளவு சார் விடறோம்?"

"நூத்துக்கு அஞ்சு."

"அப்ப மிச்சம் தொண்ணூத்தஞ்சும் காத்துதானே. அந்த நச்சுக்குக் காத்து ஆகாதுன்னுதானே குத்தறோம். பெட்டி கிருமியை நல்லா வளர்க்கும், நான் இல்லன்னு சொல்லல. நச்சைக் காப்பாத்தாதே."

டாக்டரின் முகம் சிவந்தது. பாட்டில் கழுவ வந்தவர் வாயிலிருந்து இதைக் கேட்பது யாருக்கும் கஷ்டம்தான். "முதல் நச்சு இல்லாத கிருமி ரொம்ப அபூர்வம். அதுக்காக வேலை முறையை மாத்த முடியாது. நீங்க மீறித்தான் செய்வேன்னா எழுதிக் குடுங்க. ஒண்ணும் வரலன்னா மேல கேட்பாங்க, நான் உங்க பக்கம் பேச மாட்டேன்."

"குடுங்க காகிதம்" என்றார் கம்பியக்கா.

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். புதுக் கூழ் காய்ச்சினார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார், ரத்தம் கலந்தார், தட்டுக்கு இரண்டு மடங்கு ஊற்றினார். இறுகியதும் ஏழு குச்சிகளையும் தேய்த்தார். கம்பியைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கிருமி அடர்ந்த பக்கத்தில் சாய்த்துக் குத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு வருஷம் குத்தாத கை ஒரு இடத்தில்கூடக் கூழைக் கிழிக்கவில்லை.

மறுநாள் காலை லேப் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார். காவலாளி சாவியைத் தேடுவதற்குள் அவரைப் பார்வையாலேயே வறுத்தெடுத்துவிட்டார். பெட்டியைத் திறந்து ஏழு தட்டுகளையும் ஜன்னலுக்குக் கொண்டுபோனார். முதல் தட்டைத் தூக்கிப் பிடித்தார். மேலே சாம்பல் புள்ளிகள், சுற்றிலும் மொத்தச் சிவப்பு. குத்திய இடத்திலும் சிவப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. முக்காலியில் உட்கார்ந்து நான்காவதை எடுத்தார். அதன் அடியில் வாலுவின் பெயர் எழுதியிருந்தது.

மேலே அதே சாம்பல் புள்ளிகள், அதே சிவப்பு. ஆனால் சிவப்பின் நடுவே, சாய்வாக, மூன்று இடத்தில் வெளிச்சம். குத்திய தடம் ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் சுத்தமாகத் தெளிந்திருந்தது. அதன் வழியாக எதிர்ச் சுவரின் செங்கல் தெரிந்தது, செங்கல்லுக்கு இடையில் இருந்த சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. கோடிக்கணக்கான அணுக்களை ஒன்று விடாமல் ஓட்டை போட்டு முடித்துவிட்டு, காற்றுப் படாத இடத்தில் பிடிபட்டு நின்றது அந்தப் போக்கிரி.

"மாட்டினியா" என்றார் கம்பியக்கா, சத்தமாகவே. ஐந்தாவதில் தெளிவு. ஆறில் இல்லை. ஏழில் இருந்தது. ஏழுக்கு மூன்று.

டாக்டர் வந்ததும் கம்பியக்கா நான்காவது தட்டை அவர் கையில் கொடுத்தார். டாக்டர் ஜன்னலுக்குப் போய் அதைத் தூக்கிப் பிடித்தார். சாய்த்தார். மூடியைத் திறந்து மேலிருந்து பார்த்தார், மறுபடி அடியிலிருந்து பார்த்தார். பிறகு டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அவரே உட்கார்ந்து, ஒரு புள்ளியை எடுத்து அடையாளச் சோதனை செய்தார். கண்ணாடிச் சில்லில் விட்ட பால் போன்ற நீர் ஒரு நிமிஷத்தில் புளித்த பாலைப்போலத் திரிந்தது. அந்தப் பொல்லாத ஜாதியேதான். மூன்றுமே அதுதான்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார். சுற்றி வளைக்கவில்லை, வேறு யார் தலையிலும் போடவில்லை. "அந்தப் பொண்ணோட தட்டு..."

"அதைத் தேய்ச்சது நான் சார். சரின்னு தெரிஞ்ச வேலையை விட்டது நான். அதை அப்புறம் பேசிக்கலாம். இன்னிக்கி ஆறாவது நாள்."

டாக்டர் எழுந்தார். கம்பியக்கா எழுதிக் கொடுத்த காகிதத்தை மேசையிலிருந்து எடுத்து, அதன் கீழேயே, 'இவர் செய்ததே சரியான முறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் ஒட்டச் சொன்னார். பிறகு தொலைபேசியை எடுத்து, விடுதி முழுவதுக்கும் பென்சிலின் கேட்டார். மருந்துக் கிடங்கில் அவ்வளவு பென்சிலின் இல்லை என்றார்கள். கிடங்கு அதிகாரிக்கு அன்றைக்கு டாக்டரிடமிருந்து கிடைத்த வசவைக் கேட்டு, கம்பியக்காவே அசந்துபோனார். இத்தனை நாளாக இவரைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று நினைத்தார்.

மருந்து வந்து சேர, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஊசி போடுகிற வேலை தொடங்கியது. அறுபத்து மூன்று பிள்ளைகள், வார்டன், சமையல்காரம்மா இருவர். மருந்து ஒத்துக்கொள்ளாத இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் வேறு மாத்திரை. பென்சிலின் ஊசி இடுப்புக்குக் கீழே ஆழமாகப் போடுவது, போட்டால் ஒரு நாளைக்கு உட்கார முடியாது. முதல் பிள்ளை போட்ட சத்தத்தில் வரிசையே கலைந்தது. நர்ஸ் கெஞ்சினார், வார்டன் மிரட்டினார், ஒன்றும் எடுபடவில்லை. கம்பியக்கா கூடத்து வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெளிய போறவங்க என்னைத் தாண்டிப் போங்க" என்றார்.

யாரும் போகவில்லை.

வாலுவின் முறை வந்தது. தொண்டை கட்டிய குரலில் அவள், "அத்தை, எனக்கு நாளைக்குப் போடச் சொல்லுங்களேன்" என்றாள்.

"நாளைக்கு எட்டாவது நாள். எனக்கு எட்டு பிடிக்காது. திரும்பு."

ஊசி போட்டதும் வாலு விம்மிக்கொண்டே, "இந்த ஞாயித்துக்கிழமை உங்க சாம்பாருக்கு சைபர்" என்றாள். இத்தனை வருஷத்தில் அத்தை சந்தோஷமாக வாங்கிக்கொண்ட ஒரே சைபர் அது. ஒரு மணிக்குக் கடைசிப் பிள்ளைக்கும் போட்டு முடித்தார்கள். கம்பியக்கா பெஞ்சிலிருந்து எழுந்தபோது, சமையல்காரம்மாக்கள் இருவரும் உட்கார முடியாமல் நின்றபடியே பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு விடுதியில் புதிதாகத் தொண்டை வலி வரவில்லை. பத்து நாள் கழித்து எடுத்த அறுபத்து மூன்று குச்சிகளையும் கம்பியக்கா தடிமனான தட்டில் தேய்த்துக் குத்திப் பார்த்தார். எங்கும் தெளிவு இல்லை. டாக்டர் அந்தப் பக்கத்து லேப்கள் எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதினார்: பெட்டி இருந்தாலும் குத்துங்கள், காரணம் கீழே. காரணத்தில் தன் தவறையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஒரு மாதத்தில் ஒரு லேபிலிருந்து போன் வந்தது, அவர்கள் தட்டிலும் குத்திய இடத்தில் தெளிந்திருக்கிறதாம், ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தொரு பிள்ளைகளுக்கு நேரத்தோடு ஊசி போட்டுவிட்டார்களாம். கம்பியக்கா போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், கணவரிடம் அதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை தையல்காரர், "இரு, இந்தக் காலரை முடிச்சிட்டு நாலாவது தடவை கேக்கறேன்" என்றார்.

மூன்று மாதம் கழித்து இதய டாக்டர் விடுதிக்கு வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் குழாய் வைத்துக் கேட்டார், சந்தேகப்பட்டவர்களைக் கருவியில் படம் எடுத்துப் பார்த்தார். வாலுவுக்கு இரண்டு தடவை கேட்டார். அவள் பேசிக்கொண்டே இருந்ததுதான் காரணம். அறுபத்து மூன்று இதயமும் சுத்தம். கடைசிப் பெயருக்கு எதிரே டாக்டர் டிக் போட்டபோது, கூட இருந்த வார்டன் கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். கம்பியக்கா தட்டவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் தூசி அதிகம் என்றார்.

நெட்டை அந்த வாரம் விடுதிக்குத் திரும்பி வந்தாள். கிருமி மறுபடி வந்தால் அவளுடைய வால்வு தாங்காது. கிருமி இல்லாத விடுதி என்று உறுதியான பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி அவளை அனுப்பியது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, பெரியவளாகும் வரை. கசிவு கூடவில்லை, கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது என்றார்கள். திரும்பி வந்த பிறகு போடும் முதல் ஊசிக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும் வேலையைக் கம்பியக்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஊசி அறைக்கு வெளியே மர பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கம்பியக்கா பிடித்திருந்த பிள்ளையின் கை சில்லிட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளை இரண்டு நர்ஸ்கள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரி கொடுத்த அட்டையில் எழுதியிருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கம்பியக்கா வந்திருந்தார். மூன்று மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"உன் தொண்டையில இருந்த கிருமியை அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்கணும் கண்ணு. தட்டைத் தேய்ச்சது நான்தான். மூணு குத்துக் குத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் குத்தல."

நெட்டை அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று கம்பியக்கா எதிர்பார்த்தார், வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"அப்புறம் வாலுவுக்கு வந்தப்ப குத்தினீங்களா?"

"குத்தினேன்."

"ஏன் அப்ப மட்டும் குத்தினீங்க?"

"உனக்கு வந்ததைப் பாத்துத்தான் குத்தினேன். உனக்கு வரலன்னா எனக்குப் புத்தி வந்திருக்காது."

பிள்ளை தன் முட்டியைத் தடவினாள். "அப்ப வாலுவுக்கு மூட்டு வீங்காதா?"

"வீங்காது."

"சின்னப் பிள்ளைங்களுக்கு? மாடி ரூம்ல இருக்கிறவங்களுக்கு?"

"யாருக்கும் வராது. அறுபத்து மூணு பேரையும் டாக்டர் பாத்துட்டாரு."

"என்னாலயா?"

கம்பியக்கா அவள் கையை இறுக்கிக்கொண்டார். "உன்னாலதான்" என்றார்.

உள்ளேயிருந்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார். பிடித்துக்கொள்ள இன்னொரு நர்ஸும் வாசலுக்கு வந்து நின்றார். நெட்டை எழுந்து, கம்பியக்காவின் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"யாரும் பிடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனாள்.